உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாம்பழ ஐஸ்

குருவம்மாள் மாம்பழ ஐஸில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டது கைப்பழக்கத்தில் நடந்தது, அவள் வேண்டுமென்றே ஏதோ மருந்து வைத்தாள் என்று ஐஸ் கம்பெனிக்காரர்கள் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது பச்சைப் பொய், ஏனென்றால் எங்கள் வடக்குத் தெருவில் யார் கையில் மாங்காய் கிடைத்தாலும் மாம்பழம் கிடைத்தாலும் அந்தக் கை அடுத்ததாக உப்பு டப்பாவைத்தான் தேடும், அப்புறம் மிளகாய்த்தூளைத் தேடும், அது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம், அதற்காக நாங்கள் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

பக்கத்து வீட்டு டெய்லர் தங்கப்பாண்டிக்காகத்தான் அவள் ஐஸ் போட ஆரம்பித்தாள். தங்கப்பாண்டிக்குத் தொண்டையில் கட்டி. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கட்டிக்குக் கரண்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள், கட்டி கருகியதோ இல்லையோ நாக்கின் ருசி கருகிப்போனது, சுடுகஞ்சி இறங்கவில்லை, இட்லி இறங்கவில்லை, குளிர்ச்சியாக எதையாவது கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு கம்பெனிக் குச்சி ஐஸை வாங்கிக் கொடுத்தால் அதிலிருந்த சாயமும் சாக்கரினும் புண்ணில் பட்டு மனிதர் துடித்துப்போனார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, ஒரே மகள் சங்கரேஸ்வரி குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்த உரிமையில் அவரை அண்ணே என்று கூப்பிட்டுவந்த குருவம்மாள், நம் வீட்டு பிரிட்ஜில் நாமே பழத்தைப் பிழிந்து போட்டால் என்ன என்று ஒரு கத்திரி வெயில் நாளில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தைத் தோல் சீவி, கொட்டையைக் கையாலேயே பிழிந்து, நார் அவர் தொண்டையில் சிக்காமலிருக்க வெள்ளைத் துணியில் வடிகட்டி, சீனிப்பாகு சேர்த்து, ஒரு மூடி எலுமிச்சை பிழிந்து, சில்வர் டம்ளர்களில் ஊற்றினாள். டம்ளருக்கு நடுவில் ஈர்க்குச்சி சாயாமல் நிற்க வேண்டுமே. அவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள், மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளை மரக்கட்டையின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு, ஆகையால் ஆபீசில் கழித்துப்போட்ட கட்டை இரண்டைக் கொண்டுவந்து டம்ளர்களின் மேல் பாலம் மாதிரி வைத்து, அந்தப் பள்ளங்களில் ஈர்க்குச்சிகளை நிறுத்தினாள், ஒன்றுகூட இப்படி அப்படி ஆடவில்லை.

ஆனால் அவள் மனசு கையில் இல்லை. காலையில் தங்கப்பாண்டி கேட்ட கேள்வியில் இருந்தது.

“நான் செத்துப்போனா என் மக வந்து மொகத்தப் பாக்குற வரைக்கும் என்னைய வச்சிருப்பியாத்தா?” என்று கேட்டிருந்தார் அவர்.

வைத்திருப்பேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். குவைத்திலிருந்து வருவதென்றால் முதலாளி விட வேண்டும், விமானம் கிடைக்க வேண்டும், இந்த வெயிலில் ஒரு உடம்பு பொழுது சாயும்வரைகூடத் தாங்காதே, எதை வைத்து வைத்திருப்பேன் என்று சொன்னோம் என்று நினைத்தபடியே உப்பை எடுத்து டம்ளருக்கு டம்ளர் தூவினாள், மிளகாய்த்தூளை எடுத்துத் தூவினாள், தூவிய பிறகுதான் தான் செய்வது மாங்காய்க் கீற்று இல்லை, ஐஸ் என்பது அவளுக்கு உறைத்தது. வேறு பழம் வீட்டில் இல்லை. உப்புப் போட்டது உறையாது என்று தெரிந்தும், வருவது வரட்டும் என்று பிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

உறைந்தது. மறுநாள் காலையில் போன கரண்ட் சாயங்காலம்வரை வரவில்லை, பிரிட்ஜில் மற்றதெல்லாம் தண்ணீராகி வழிந்தது, டம்ளர்களை வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிட்டு பிரிட்ஜைக் கழுவிய குருவம்மாள் அவற்றை மறந்தே போனாள், ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது தார் ரோடு இளகுகிற அந்த வெயிலில் டம்ளர்கள் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நின்றன, ஒரு காக்கை வந்து கொத்திப் பார்த்து அலகு வலித்துப் போய்விட்டது. அவள் ஒன்றை உருவி எடுத்துப் போய்த் தங்கப்பாண்டி வாயில் வைத்தாள். வெயிலில் உருகாதது நாக்கில் பட்டதும் உருகியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். “உப்புக் கரிக்குது” என்றார். “காரமாவும் இருக்குத்தா.” செத்துக் கிடந்த நாக்குக்கு உயிர் வந்துவிட்டதென்று இரண்டு பேரும் அழுதார்கள், சந்தோஷத்தில் அழுததால் அதைப்பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

உருகாத ஐஸ் வந்ததும் தெரு அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், கடைக்கு ஒரு புது சோப்பு வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. எல்லாரும் ஒன்று கொடு என்று கேட்டார்கள். வேர்க்குரு வந்த குழந்தைகளின் தொட்டிலுக்கு அடியில் ஒன்றை வைத்தார்கள், குழந்தைகள் பகலெல்லாம் தூங்கின. டேபிள் பேனுக்கு முன்னால் ஒன்றை நிறுத்தினார்கள், வீடு முழுக்க மாம்பழக் காற்று அடித்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் ஆளுக்கொன்றைத் தூக்குவாளிக்குள் போட்டுக்கொண்டு போனார்கள், மத்தியானம் தயிர் புளிக்காமல் இருந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி, மிளகாய் போட்டதை அம்மன் பக்கத்தில் வைக்கலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, வருஷம் பூராவும் கொதிக்கிறவளுக்குக் குளிர்ச்சி ஆகாதென்று சொல்ல நான் யார் என்று பீடத்தில் ஒன்றைச் சாத்தினார். பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் வாத்தியார் தெர்மாமீட்டரோடு வந்து, இது நடக்கவே முடியாது என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, வீட்டுக்காரிக்கு என்று இரண்டு வாங்கிக்கொண்டு போனவர் அதன்பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. உடனே தின்பவர்கள் தின்றோம், மற்றவர்கள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தோம், கெட்டா போகப்போகிறது.

இதெல்லாம் ரத்தினவேலு முதலாளிக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஐஸ் என்றால் அவர்தான். குச்சி ஐஸ் அவருடையது, மீனுக்கு உடைக்கிற பாளம் அவருடையது, பிணத்தைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டியும் அவருடையதுதான், சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு கிடையாது. அதற்கு அவர் வாடகை வாங்குவதில்லை, வாங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதில் பாடை சுடுகாட்டுக்குப் போகிற வழியில் கம்பெனி வாசலில் நிற்கும், கொட்டு நிற்கும், முதலாளி வெள்ளை வேட்டியில் வெளியே வருவார், கொள்ளிச்சட்டி எடுத்து வருகிறவரும் செத்தவரின் பிள்ளைகளும் ஈரத்துணியோடு அந்தச் சரளைக் கல்லில் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்திருக்க வேண்டும், எழுந்த பிறகு பாடை நகரும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வீட்டில் ஒருவர் செத்துக் கிடக்கிற நேரத்தில் யார் சண்டை போடுவார்கள் என்பதை அந்தக் குடும்பம் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது.

கம்பெனி மேனேஜர் பைக்கில் வந்து இறங்கி, நடுத்தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். குருவம்மாள் தன் டம்ளர்களையெல்லாம் கம்பெனி வாசலுக்குக் கொண்டுவந்து சாக்கடையில் கொட்டிவிட்டு முதலாளி காலில் விழ வேண்டும், இனிமேல் ஐஸ் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் வடக்குத் தெருவில் யார் செத்தாலும் பெட்டி வராது.

அன்றைக்குச் சாயங்காலமே தெரு இரண்டாகிவிட்டது. படுத்த படுக்கையாக மாமனாரை வைத்துக்கொண்டிருந்த ராமலட்சுமி முதலில் வந்தாள், அவர் பிள்ளைகள் ஒருவர் சூரத்தில், ஒருவர் பம்பாயில், பெட்டி இல்லாமல் என்ன செய்வேன் மதினி, உன் ஐஸால்தானே இந்த வினை என்று மூக்கைச் சிந்தினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஆசையாக வாங்கித் தின்றவர்கள்தான் எல்லாரும், குருவம்மாள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவள் பயம் வேறு. வைத்திருப்பேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், அந்த ஒருவருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நம் வீம்புக்கு அவர் முகத்தை அவர் மகள் பார்க்காமல் போகக்கூடாது என்று தனக்குள் முடிவு செய்து, கடைசியாக மிஞ்சிய ஐஸை எடுத்துக்கொண்டு தங்கப்பாண்டி வீட்டுக்குப் போய், நாளைக்குக் காலையில் கம்பெனிக்குப் போய் விழுந்துவிட்டு வருகிறேன் அண்ணே என்றாள்.

தங்கப்பாண்டி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தார். குரல் பாதிக்கு மேல் காற்றாகத்தான் வந்தது.

“யாருக்காக விழப்போற?”

“உங்களுக்காகத்தாண்ணே. சங்கரி வந்து பாக்கணும்ல.”

“அவ அம்மா செத்தப்ப, பால் பல்லு விழாத புள்ள அவ, கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி அந்த வாசல்ல விழவச்சேன். முட்டியில கல்லுக் குத்தி ரத்தம் வந்துச்சு. சுடுகாட்டுல எரியுற அம்மாவப் பத்திக் கேக்கல அவ, எதுக்குப்பா விழுந்தோம்னு கேட்டா.” மூச்சு வாங்க நிறுத்தினார். “என் மக என்னையப் பாக்கணும். அந்த வாசல்ல விழவும் கூடாது. ரெண்டும் வேணும் எனக்கு. நீ ஐஸைப் போடுத்தா.”

ரெண்டும் வேண்டும் என்று கேட்க எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் வாய் வந்ததில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியே பழகிய ஜனம் நாங்கள். குருவம்மாள் அவர் வாயில் ஐஸை வைத்துவிட்டு எழுந்து போனாள், மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை, சந்தைக்குப் போனாள்.

மாம்பழம் போட்டாள், தர்பூசணி போட்டாள், கொய்யாவை அரைத்துப் போட்டாள், நாவல் பழம் வந்ததும் அதையும் போட்டாள், எல்லாவற்றிலும் உப்பு, எல்லாவற்றிலும் மிளகாய்த்தூள், கரண்ட் இருந்த நாளிலும் உறைந்தது, இல்லாத நாளிலும் உறைந்தது, டம்ளர் போதாமல் செம்பில் போட்டாள், தூக்குவாளியில் போட்டாள், குடத்தில் போட்டாள், பயந்துகொண்டு ஒதுங்கியவர்கள்கூடப் பின்வாசல் வழியாகக் கொட்டாங்கச்சியை நீட்டி இதில் ஒன்று போட்டுக் கொடு என்று கேட்டார்கள். இத்தனையும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஐஸ் சேர்ந்துகொண்டே போனது.

தங்கப்பாண்டி ஒரு மத்தியானம், வெயில் உச்சியில் நின்ற நேரத்தில், நாவல் பழ ஐஸ் கரைத்த நாக்கு ஊதாவாக இருக்கச் செத்துப்போனார். போன் போட்டோம். அந்தப் பக்கம் சங்கரேஸ்வரி அழவில்லை, பாஸ்போர்ட் இந்த வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது, வாங்கிக்கொண்டு எப்படியாவது வந்துவிடுகிறேன், அப்பாவை எடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கீழூரிலிருந்து வந்திருந்த, பங்காளி முறையில் சங்கரேஸ்வரிக்குச் சித்தப்பாவான ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்த வெயிலில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது போய் முதலாளியிடம் பெட்டி கேளுங்கள் என்றார். ஒருவர் போனார். குருவம்மாள் வந்து விழுந்தால் பெட்டி வரும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாரும் குருவம்மாளைப் பார்த்தார்கள். அவள் தங்கப்பாண்டியின் கால் கட்டைவிரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள், முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, போக மாட்டேன் என்றாள்.

அப்போது ராமலட்சுமி எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு குடம் இருந்தது, குடத்துக்குள் மாமனாருக்காக ஒளித்துவைத்திருந்த ஐஸ் அத்தனையும் இருந்தது. குனிந்து, தங்கப்பாண்டியின் தலைமாட்டில் ஒன்று, கழுத்துக்கு ஒன்று, அக்குளுக்கு ஒன்று என்று அடுக்கினாள். அதற்குப் பிறகு யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தொட்டிலுக்கு அடியில் வைத்தது வந்தது, பேனுக்கு முன்னால் வைத்தது வந்தது, பூசாரி பீடத்திலிருந்து எடுத்து, அம்மன் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்தார், சயன்ஸ் வாத்தியார் தின்னாமல் வைத்திருந்ததைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கட்டை அடுக்குகிற கணக்கில் இடைவெளி விடாமல் அடுக்கினார்கள், மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக ஒரு மெத்தை எழுந்தது, அதன் நடுவில் எங்கள் டெய்லர் கிடந்தார், வீட்டுக்குள் போனவர்கள் போர்வை கேட்டார்கள்.

வெயில் வந்தது, போனது, மறுபடி வந்தது. அவர் முகம் மாறவில்லை. ஒரு ஈ வரவில்லை. சித்தப்பா நேரத்துக்கு ஒருதரம் வந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டு, மாம்பழ வாசம்தான் அடிக்கிறது என்று ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பிள்ளைகள் புழுக்கத்தில் அழுதார்கள், ஒரு துண்டு ஐஸைக்கூட யாரும் அவர்களுக்கு உடைத்துக் கொடுக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள், மாமா மகள் வருகிறாள் என்றோம்.

மதுரையிலிருந்து வேன் வந்து நின்றது. சங்கரேஸ்வரி இறங்கி உள்ளே ஓடி, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், இரண்டு கையாலும் அந்தக் குளிர்ந்த கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள், அவளோடு சேர்ந்து அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த தெருவும் அழுதது. அழுது ஓய்ந்த பிறகு குருவம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கட்டிலில் கிடந்து சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சங்கரேஸ்வரி கேட்டுவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

கொள்ளிச்சட்டியை நான் தூக்குகிறேன் என்று அவள் சொன்னதும் சித்தப்பா குதித்தார், பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்றார்.

“விழுறதுக்கு மட்டும் பொம்பளப் புள்ள ஆகும், தூக்குறதுக்கு ஆகாதோ?” என்றாள் குருவம்மாள். சித்தப்பா துண்டை மறுபடி உதறித் தோளில் போட்டுக்கொண்டார், வேறு வேலை அவருக்கு இருக்கவில்லை.

பாடை கிளம்பியது. ஐஸை யாரும் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை, பிணத்தோடு கிடந்ததை என்ன செய்வதென்று தெரியாததால் ஆளுக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம், ஆணும் பெண்ணுமாக, கொட்டுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கூட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. கம்பெனி வாசல் வந்தது. வந்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் கால்கள் தாமாக நின்றுவிட்டன. கொட்டும் நின்றது. பெட்டி கொடுக்காத முதலாளி எதற்காக வெளியே வந்து நின்றார் என்று எங்களுக்கு இன்றுவரை புரியவில்லை, ஆனால் நின்றார், அதே வெள்ளை வேட்டி, பக்கத்தில் லாரியிலிருந்து இறக்கிப்போட்ட ஐஸ் பாளங்கள் வெயிலில் கரைந்துகொண்டிருந்தன, அவர் பார்வை சங்கரேஸ்வரியின் மேல் இருந்தது, விழப்போகிறாள் என்று அவர் நம்பினார். எங்களில் பாதிப்பேரும் அப்படித்தான் நினைத்தோம்.

சங்கரேஸ்வரி கொள்ளிச்சட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைக் குருவம்மாளிடம் நீட்டினாள். குருவம்மாள் தன் கையிலிருந்ததைக் கொடுத்தாள், தங்கப்பாண்டியின் தலைமாட்டில் கிடந்த மாம்பழ ஐஸ் அது. பிணத்தோடு கிடந்ததை எங்கள் ஊரில் தொட்டாலே குளிக்க வேண்டும். அவள் முதலாளியைப் பார்த்துக்கொண்டே அதை வாயில் வைத்து நறுக்கென்று கடித்தாள்.

“உப்புக் கரிக்குது” என்றாள். இன்னொரு கடி கடித்துவிட்டு, “காரமாவும் இருக்கு” என்றாள்.

அடுத்து ராமலட்சுமி கடித்தாள். பூசாரி கடித்தார், வாத்தியார் கடித்தார், தூக்குகிறவர்கள் பாடையைத் தோள் மாற்றிக்கொண்டு கடித்தார்கள், வெயிலில் அத்தனை நாள் உருகாமல் நின்ற மாம்பழமும் தர்பூசணியும் நாவலும் வடக்குத் தெருவின் வாய்களில் உருகின, கடைவாயில் கடிபடுகிற சத்தம் கம்பெனி மெஷின் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. கொட்டுக்காரர் தன் பங்கைக் கடித்து விழுங்கிவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அடியை ஆரம்பித்தார். சங்கரேஸ்வரி முதலில் நடந்தாள், நாங்கள் பின்னால் நடந்தோம்.

தெரு திரும்புகிற இடத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்தோம். முதலாளி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஐஸ் உருகி ஓடிவந்து, நாங்கள் விழ வேண்டிய இடத்தில் தேங்கி, அவர் கால்களை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது.